நம் பிள்ளைகளின் தன்மதிப்பு: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கோடை விடுமுறையில் உறவினர்களோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சிரிப்பும் கும்மாளமுமாகக் கடந்து ஏரிக்கரையில் பிரியாணிச் சட்டியைத் திறந்தபோது, பேச்சு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லி வர, ஒரு பையனின் முறை வந்ததும் அவனுடைய அத்தா முந்திக்கொண்டார். "இவனைக் கேக்காதீங்க மச்சான், இவன் எங்க வீட்டு மக்கு." எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். ஆனால் படகில் ஏற அவன் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டபோது, "நான் எதுக்கும் லாயக்கில்ல மாமு, அத்தாவே சொல்லிட்டாங்களே" என்றான்.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

தன்மதிப்பு என்றதும் நம்மில் பலருக்குத் தயக்கம் வருகிறது. பணிவு வேண்டிய மார்க்கத்தில், 'நானும் மதிப்புள்ளவன்' என்று எண்ணுவது பெருமை ஆகிவிடாதா? இந்தச் சந்தேகம் நபித்தோழர்களுக்கே வந்தது. நல்ல உடையும் நல்ல செருப்பும் அணிய விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களைத் தாழ்வாகப் பார்ப்பதுமே பெருமை என்று விளக்கினார்கள். 1965இல் தன்மதிப்பை அளக்க 10 வாசகங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்ட அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மோரிஸ் ரோசன்பர்க்கும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டார். தன்மதிப்பு என்பது பிறரைவிட நான் உயர்ந்தவன் என்பதல்ல, நான் மதிப்புள்ள ஒரு மனிதன் என்பது.

ஜாஹிர் (ரலி) என்ற கிராமத்து நபித்தோழரின் செய்தி நமக்குத் தெரிந்ததுதான். பார்வைக்கு அழகற்றவர். கடைத்தெருவில் பொருள் விற்றுக்கொண்டிருந்த அவரை நபி (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து கட்டியணைத்து, இந்த அடிமையை யார் வாங்குவார் என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். என்னை விற்றால் விலை போகமாட்டேனே என்றார் அவர். அல்லாஹ்விடம் அவர் மலிவானவர் அல்லர் என்று உடனே திருத்தினார்கள். அதுவும் சந்தையில், நாலு பேர் முன்னிலையில்.

தன்மதிப்பு குறைந்த பிள்ளை எப்போதும் மூலையில் ஒடுங்கியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓயாமல் தற்பெருமை பேசுபவனும், தம்பியைக் கேலி செய்துகொண்டே இருப்பவனும், விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்ப்பவனும் உள்ளுக்குள் உடைந்தவர்களாக இருக்கலாம். புதிதாக எதையும் முயலாமை, பாராட்டினால் நம்பாமை, தொட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது ஆகியவையும் அடையாளங்களே. தன்மதிப்புள்ள பிள்ளை, 'எனக்கு இது தெரியாது, சொல்லித் தாருங்கள்' என்று வெட்கமின்றிக் கேட்கும்.

சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்கள். 5 வயதில் பேருந்து ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். பள்ளியில் அவரிடம் காலைப் பார்க்காமல் தாவும் திறனைப் பார்த்தவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், உடல் குறையற்ற மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் தொடர்ந்தன. பதக்கத்தை விடுங்கள். 'உன்னால் முடியும், வந்து தாண்டு' என்று ஒரு பெரியவர் அழைத்ததே நமக்கு வேண்டிய செய்தி.

அதற்காகப் புகழ்மழை பொழிவதும் தீர்வல்ல. 1998இல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்து ஒரு தோல்வி வந்ததும் சீக்கிரம் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். "சூரத்தை மூணு தடவை திருப்பி ஓதினியே, அதான் சரியா வந்துச்சு" என்பது "மாஷா அல்லாஹ், நீ மேதை" என்பதைவிட நல்ல பாராட்டு.

இதை எழுதும் நாமும் சுத்தமானவர்கள் அல்லர். மக்தபில் பாடம் நடத்திய தொடக்க ஆண்டுகளில் ஒரு மாணவனை அவனுடைய அண்ணனோடு தினமும் ஒப்பிட்டோம். நல்ல எண்ணத்தில்தான். மூன்றாவது மாதம் அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீடு தேடிப் போயும் பயனில்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பி இன்றும் அங்கே சில்வர் ஓக் மர நிழலில்தான் வளர்கிறது. நாற்றை முதலில் பந்தலுக்குள் வைத்து, நடும் காலம் நெருங்க நெருங்க நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பிள்ளைக்கும் அந்த அளவு பார்த்துப் பொறுப்பு தர வேண்டும். கடைக் கணக்கு, விருந்தினரைக் கவனிப்பது, ஒருவேளைத் தொழுகைக்கு வீட்டில் இமாமாக நிற்பது, எதுவாகவும் இருக்கலாம். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபியவர்கள் மதீனாவில் தமக்குப் பகரமாகத் தொழவைக்க நியமித்தது ஆறுதல் பரிசாக அல்ல.

தவறு நேரும்போதுதான் நம் சோதனை. 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பை ஏற்றுப் பேசியவர் அவருடைய தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18இல் வெற்றி கிடைத்தபோது பேசுவதற்குக் கலாமை அனுப்பினார். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மச்சானிடம் தனியாகப் பேசினோம். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்து, "மன்னிப்புக் கேட்டேன் மச்சான், ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டான்" என்றார். தனியறையில் கேட்டீர்களா என்றோம். ஆமாம் என்றார். மக்கு என்று சொன்னது அத்தனை பேர் முன்னிலையில் என்று நினைவுபடுத்தினோம். பெருநாளுக்கு எல்லோரும் அவர் வீட்டில் கூடுகிறோம், இன்ஷா அல்லாஹ். அங்கே சொல்கிறேன் என்றிருக்கிறார்.