இரயில்வே தொண்டர் படை இலச்சினைகளை இனங்காணல்: போத்தனூரும் 1908ஆம் ஆண்டும்

ஆய்வுச்சுருக்கம்

காலனிய இந்தியாவின் இரயில்வே தொண்டர் படையினர் அணிந்த தொப்பிச் சின்னம், தோள் எழுத்து, பொத்தான் ஆகியவற்றில் அணிந்தவரின் பெயரோ ஊரோ இருப்பதில்லை. போத்தனூர்ச் சந்திப்பு 1908இல் ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிய நிகழ்வை அளவுகோலாகக் கொண்டு அவற்றை இனங்காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இலச்சினை, தொண்டர் படை, மதராஸ் இரயில்வே, தென்னிந்திய இரயில்வே, போத்தனூர்

முன்னுரை

‘தொண்டர் படை’ என்னும் தொடர் இன்று அரசியல் கட்சிகளை நினைவூட்டும். ஈண்டு அது, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் கொண்டு அமைக்கப்பட்ட பகுதிநேரப் படைகளைக் குறிக்கிறது. இரயில்வே நிறுவனங்களும் தம் ஊழியரைக் கொண்டு இத்தகைய படைகளை வைத்திருந்தன. ஓட்டுநரும் கார்டும் பணிமனைப் பொருத்துநருமே பயிற்சி நாளில் துப்பாக்கி ஏந்தினர். தென்னாப்பிரிக்காவில் 1899–1902ஆம் ஆண்டுப் போரின்போது பாதைகளைச் செப்பனிட ‘இரயில்வே பயனியர் படைப்பிரிவு’ தனியே திரட்டப்பட்டது. அங்குள்ள குடியேற்றப் படைகளின் இலச்சினைகளுக்கு விரிவான பட்டியல் நூல்கள் உள்ளன. அந்நூல்களின் முறையை இந்திய இரயில்வே படைகளுக்கு அப்படியே பொருத்துவதில் சில இடர்ப்பாடுகள் உண்டு.

நிறுவன வரலாறே முதற்சான்று

சென்னையையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த மதராஸ் இரயில்வேயின் பாதை 1862இல் முழுமை பெற்றது. அப்பாதையில் அமைந்த போத்தனூர், 1873இல் கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளை திறக்கப்பட்டபோது சந்திப்பாயிற்று. ஆங்கிலோ இந்திய ஊழியர் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்த இரயில்வே குடியிருப்பாகவும் அது வளர்ந்தது.

1908ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மதராஸ் இரயில்வே கலைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி தென் மராத்திய இரயில்வேயுடன் இணைந்து ‘மதராஸ், தென் மராத்திய இரயில்வே’ ஆயிற்று. ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையிலான பாதையோ தென்னிந்திய இரயில்வேயிடம் சென்றது. போத்தனூர் இப்பாதையில் உள்ளது. ஆகவே ஊர் மாறாமல், வேலை மாறாமல், ஒரே ஊழியரின் தோள் எழுத்து மட்டும் மாறியிருக்க வேண்டும்.

இதிலிருந்து பெறப்படுவன கவனத்திற்குரியன. மதராஸ் இரயில்வே படையின் எழுத்துகளைத் தாங்கிய சின்னம் போத்தனூர்க் குடும்பமொன்றில் கிடைத்தால், அது 1908க்கு முற்பட்டது எனத் துணியலாம். ‘எம்.எஸ்.எம்.’ எழுத்துடையது பெரம்பூர், ஹூப்ளி போன்ற இடங்களிலிருந்து வந்தவரோடு வந்திருக்கலாம். போத்தனூர் அந்நிறுவனத்தின்கீழ் இருந்ததேயில்லை. மிகுதியும் பிழை நேர்வது ‘எஸ்.ஐ.ஆர்.’ எழுத்துகளில்தான். போத்தனூரில் கிடைத்தது என்பதற்காக அதைப் போத்தனூர்ப் பிரிவினுடையது என்று எழுதிவிடுகின்றனர். அதனுடன் விக்டோரியா காலத்து மகுடமும் இருந்தால் அம்முடிவு பெரும்பாலும் தவறாகும். அரசி மறைந்தது 1901இல். அப்போது தென்னிந்திய இரயில்வே திருச்சிராப்பள்ளி, நாகப்பட்டினப் பகுதிகளில் இருந்ததேயன்றிப் போத்தனூரில் இல்லை. அச்சின்னம் மாற்றலாகி வந்த ஊழியரின் உடைமையாகவோ, பிற்காலத்தில் விலைக்கு வாங்கியதாகவோ இருத்தல் கூடும்.

மகுடமும் பின்புறமும்

விக்டோரியா மகுடத்தின் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். 1901க்குப் பிந்தைய மன்னர் மகுடத்தில் அவை உருண்டு உயர்ந்திருக்கும். 1953 முதல் இரண்டாம் எலிசபெத்தின் மகுடத்தில் மீண்டும் தாழ்வு தோன்றுகிறது. தென்னாப்பிரிக்கா 1961இல் குடியரசாகும் வரை அங்குள்ள படைகள் இதனைப் பயன்படுத்தின. எனவே அங்கே தாழ்ந்த மகுடம் இரு காலங்களுள் ஒன்றைச் சுட்டலாம். இந்திய இரயில்வே படைகளோ விடுதலையை ஒட்டி முடிவுற்றமையால் இங்கு அவ்வையம் எழுவதில்லை. எனினும் மன்னர் மாறிய மறுநாளே பழைய சின்னங்கள் எறியப்படவில்லை. மகுடம் செய்த காலத்தைக் காட்டுமேயன்றி அணிந்த காலத்தை வரையறுக்காது.

பின்புறத்தை நோக்காமல் முடிவு கூறுதல் கூடாது. அச்சில் அடித்த தகட்டில் முன்புற மேடுகள் பின்புறம் பள்ளங்களாகத் தெரியும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் நுண்துளைகள் காணப்படும்; உலோகம் குளிர்கையில் சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். ஆயினும் வார்ப்பு என்பதாலேயே போலி என்று தள்ளிவிட இயலாது. இந்தியக் கடைத்தெருக் கைவினைஞர் படைகளுக்காகவே வார்த்தளித்த சின்னங்களும் உள.

நிறுவனப் பொத்தானைப் படைப் பொத்தானாகக் கொள்ளும் மயக்கமும் பரவலானது. நிலைய அதிபரும் கார்டும் அணிந்த சீருடையிலும் நிறுவன எழுத்துகள் இருந்தன. தொண்டர் படையைச் சுட்டும் ‘வி’ எழுத்தோ, துப்பாக்கிப் படை மரபின் ஊதுகொம்போ இல்லாத நிலையில் அதனைப் படைச் சின்னம் எனக் கொள்ளத் தயங்க வேண்டும். 1917இல் தொண்டர் படைகள் இந்தியப் பாதுகாப்புப் படையாகவும் 1920இல் துணைப்படையாகவும் மாற்றப்பட்டமையால், ‘வி’ இல்லாத பிற்காலச் சின்னங்களும் உண்டு என்பது இங்குள்ள சிக்கல்.

உடைமையும் சட்டமும்

நீண்டகாலப் பணிக்கான தொண்டர் படைப் பதக்கத்தின் விளிம்பில் பெறுநரின் பெயரும் படையும் பொறிக்கப்படுவது வழக்கம். இலச்சினைக்கு அத்துணை இல்லை. 1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன. அவர்கள் விட்டுச்சென்ற சின்னம் பழைய இரும்புக் கடைக்கு வந்துவிட்டால், அதனுடன் சேர்ந்திருந்த புகைப்படமும் பணிச்சான்றும் பிரிந்துவிடுகின்றன. எஞ்சுவது எடைக்கு விற்கும் பித்தளை. வாங்குவோர் முதலில் குறிக்க வேண்டியது விலையை அன்று. யாரிடமிருந்து, எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்பதையே.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, நூறாண்டு நிறைந்த வரலாற்று மதிப்புடைய பொருள் தொல்பொருளாகும். தனியார் அதனை ஏற்றுமதி செய்தல் குற்றம். 1908க்கு முற்பட்ட மதராஸ் இரயில்வே சின்னங்கள் இவ்வரம்பை முன்னரே கடந்துவிட்டன. வெளிநாட்டு ஏலங்களுக்கு அவற்றை அஞ்சலில் அனுப்புவோர் பலர் இதனை அறிவதில்லை.