விதைநெல் மிதப்பதும் அமிழ்வதும் ஏன்?

விதைநெல்லை நீரில் இட்டுப் பதரை அகற்றுதல் கமக்காரர்கள் தொன்றுதொட்டுக் கைக்கொண்டுவரும் முறையாகும். எனினும், நீரில் அமிழ்ந்த மணிகள் யாவும் நல்விதை எனக் கொள்ளலாகாது. இதன் காரணத்தை அறிந்தால் நாற்றுமேடையில் நேரும் நட்டத்தைக் குறைக்கலாம்.

நீரில் அமிழும் பொருள் தன் கனவளவுக்குச் சமமான நீரை விலக்குகின்றது. விலக்கப்பட்ட நீரின் நிறை எவ்வளவோ, அவ்வளவு விசையுடன் நீர் அப்பொருளை மேல்நோக்கி உந்தும். பொருளின் நிறை அவ்விசையிலும் கூடினால் அது அமிழும், குறைந்தால் மிதக்கும். பெரிய மரக்குற்றி மிதக்க, சிறு மணல் அமிழ்வது இதனாலேயே.

அரிசியிலுள்ள மாப்பொருள் அதே கனவளவு நீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானது. பதரின் உமிக்குள் இருப்பதோ காற்று. ஆகவே அது மிதக்கின்றது. அரைகுறையாய் முற்றிய மணியில் மாவும் உண்டு, காற்றும் உண்டு. அது நன்னீரிலும் சற்றே பாரமாயின் நல்விதையோடு சேர்ந்து அமிழ்ந்துவிடும். இளம் நாற்று முதலில் உண்பது மணியிலுள்ள மாவையே. மா குறைந்தால் நாற்று மெலியும்.

இத்தகைய மணிகளைப் பிரிக்க நீரின் பாரத்தைக் கூட்டுதல் வேண்டும். 10 இலீற்றர் நீரில் ஏறக்குறைய 1½ கிலோகிராம் கறியுப்பைக் கரையுங்கள். ஓர் இலீற்றர் நன்னீரின் நிறை 1 கிலோகிராம். இக்கரைசல் இலீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடுதலாக நிறுக்கும். நன்னீரில் அடியிற் கிடக்கும் புதிய கோழிமுட்டை இதில் மேலெழுந்து சிறிது வெளித்தெரிய வேண்டும். எழாவிடின் மேலும் சிறிது உப்பிடுங்கள். பழைய முட்டையினுள் காற்று மிகுந்திருக்குமாதலால் அது சோதனைக்கு உதவாது.

ஊறவைப்பதற்கு முன், உலர்ந்த விதையைச் சிறிது சிறிதாக இட்டு நன்கு கலக்குங்கள். கலக்காவிடின், உமியிற் பற்றிய காற்றுக்குமிழிகள் நல்ல மணியையும் மிதக்கச் செய்யும். மிதப்பவற்றை அகற்றியபின், அமிழ்ந்தவற்றை உடனே நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்புத் தங்கினால் முளைப்புக் கெடும். கழித்த நெல்லைக் கழுவி உலர்த்திக் கோழிகளுக்கு இடலாம். கரைசலை வயலிலோ மரக்கறித் தோட்டத்திலோ ஊற்றலாகாது. மருந்திட்ட விதைக்கு இம்முறை ஏற்றதன்று.

இச்சோதனை காட்டுவது மணியின் பாரத்தையே, அதன் உயிரையன்று. நெடுநாள் இருந்து முளைதிறன் இழந்த மணியும் அமிழும். ஆதலின், தெரிந்தெடுத்த விதையில் 100 மணிகளை ஈரச் சாக்கில் முளைக்கவிட்டு, முளைத்தவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே விதைப்பில் இறங்குங்கள்.