ஒரு தாள் வழிகாட்டி: லிந்துலையில் இணையவழிக் கற்றலுக்கு உதவிய அனுபவம்

2021 மே மாதம். பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டிருந்த நேரம். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவன். விரிவுரைகள் எல்லாம் ஒன்லைனில் நடந்ததால் லிந்துலை டவுனில் வாப்பாவின் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் இருந்துகொண்டே படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஓர் ஆசிரியர் குழு, தாம் நடத்திவந்த கற்றல் தளத்துக்குத் தமிழில் உதவிக் குறிப்புகள் எழுதித் தரமுடியுமா என்று கேட்டது. தளத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. ஒலுவிலில் படித்த நண்பர் ஒருவர், வந்தாறுமூலையில் படித்த இன்னொருவர், நான் என்று மூன்று பேர் சேர்ந்தோம்.

அந்தத் தளம் மூடில் என்ற மென்பொருளில் அமைந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கி, 2002 இல் முதல் பதிப்பாக வெளியிட்ட மென்பொருள் இது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம். உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இதைத்தான் வைத்திருக்கின்றன. அதன் திரையில் தெரியும் சொற்களை ஒவ்வொரு மொழிக்கும் பெரும்பாலும் தொண்டர்களே மொழிபெயர்க்கிறார்கள். ஆகவே ஒரு தமிழ்ப் பிள்ளை அதில் எந்தச் சொல்லைக் காணும் என்பது, என்றோ எங்கோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எடுத்த முடிவாக இருக்கலாம். அந்த முடிவுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை.

பத்து நாட்களில் எங்கள் வழிகாட்டியை முடித்தோம். 14 பக்கம். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷொட், அதில் சிவப்பு அம்புக்குறி, கீழே 'படம் 6 இல் காட்டியவாறு' என்று விளக்கம். பிடிஎப் ஆக்கி வட்ஸ்அப் குழுக்களில் விட்டோம். உள்ளபடி சொன்னால், எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "நீங்க எழுதினது ஒங்களுக்குத்தான் விளங்கும் மகன்" என்றார். வாப்பாவுக்குக் கம்பியூட்டர் தெரியாது, அதனால் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் கடைக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் தரம் 10. "புள்ள ராவெல்லாம் முழிச்சிருந்து எழுதுனிச்சு தம்பி. எழுதவே இல்லன்னு சார் சொல்றாரு. போன்ல என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். பிள்ளையும் கூட வந்திருந்தது. விஞ்ஞான பாடத்துக்கு இதயத்தின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து, பெயரிட்டு, படம் எடுத்து ஏற்ற வேண்டும். பிள்ளை அதையெல்லாம் செய்திருந்தது. படமும் தளத்தில் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி: 'வரைவு (சமர்ப்பிக்கப்படவில்லை)'.

"நான் அனுப்பிட்டேன் நானா. இங்க பாருங்க, வரைவுன்னு போட்டிருக்கு. நான் வரைஞ்சதத்தானே சொல்லுது?"

அடைப்புக்குள் இருந்த சொல்லைப் பற்றிக் கேட்டேன். அது நீளமான சொல், வாசிக்கவில்லை என்றது. தெரிந்த சொல் ஒன்று முன்னால் நின்றால், தெரியாத சொல்லை யார்தான் வாசிக்கிறார்கள்?

இதில் நடப்பது இதுதான். மூடிலில் ஓர் ஒப்படையை ஏற்றியதும் 'மாற்றங்களைச் சேமி' என்று ஒரு பொத்தான் வரும். ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட அமைப்பைத் தெரிவுசெய்திருந்தால், அதை அழுத்திய பிறகும் வேலை முடிந்ததாகாது. அது திருத்தக்கூடிய முதற்பிரதியாக நிற்கும். 'ஒப்படையைச் சமர்ப்பி' என்ற இரண்டாவது பொத்தானையும் அழுத்தினால்தான் கையளித்ததாகக் கணக்கு. வினாத்தாளிலும் இதே கதை. 'முயற்சியை முடி' என்பது ஒரு படி, 'அனைத்தையும் சமர்ப்பித்து முடி' என்பது அடுத்த படி. நேர எல்லை வைக்காத வினாத்தாளில் முதற்படியோடு நின்ற பிள்ளையின் விடைகள் புள்ளியின்றி அப்படியே கிடக்கும். ஆசிரியர் சமர்ப்பித்தவர்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்தப் பிள்ளையின் பெயர் அதில் இராது. எங்கள் 14 பக்கத்தில் இந்த இரண்டாம் படி இருந்தது, 11 ஆம் பக்கத்தில்.

அந்தப் பிள்ளை எங்கள் வழிகாட்டியைத் திறந்ததே இல்லை. 22 எம்.பி. பாரம். வீட்டில் ஒரே போன், அது அண்ணனுடையது. லயத்துக்குள் சிக்னல் கிடையாது, மேட்டில் ஏறித் தேயிலைக்கு நடுவே ஒரு பாறையடியில் நின்றால்தான் கிடைக்கும். மேயில் தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் லிந்துலையில் அந்தப் பாறையில் நிற்பது எப்படி என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று அந்த வருடம் மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. அதிலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். ரீலோட் போடுவது அதற்குள்தான்.

நாங்கள் பாரத்தைப் பற்றி யோசிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் உயர்கல்வி வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களை டேட்டா கட்டணமின்றிப் பார்க்க எங்களுக்கு வசதி செய்து தரப்பட்டது. நல்ல வேலை. ஆனால் ஒரு வருடம் இலவசத்தில் இருந்தவனுக்கு ஒரு எம்.பி.யின் விலை மறந்துபோகிறது. ஸ்கிரீன்ஷொட்களை லப்டொப்பில் எடுத்தோம் என்பதும் அதே மறதிதான். போனில் பார்த்தால் இடப்பக்கப் பட்டியல் மடிந்து மூன்று கோடுகளுக்குள் மறைந்துவிடும். எங்கள் சிவப்பு அம்பு காட்டிய இடத்தில் எதுவுமே இல்லை.

ஆகவே திரும்ப எழுதினோம். இம்முறை வாப்பாவின் கடை பெஞ்சில் பிள்ளைகளை உட்காரவைத்து, போனை அவர்கள் கையில் கொடுத்து, நாங்கள் வாய் திறக்காமல் பார்த்தோம். எங்கே விரல் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டோம். வாய் திறக்காமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். ஒலுவில் நண்பர் இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்படிப் பார்த்தபோதுதான் இன்னொன்று வெளிவந்தது. ஆசிரியர்கள் ஏற்றிய சில பாடக்குறிப்புகள் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. காரணம் பாமினி எழுத்துரு. எமது நாட்டில் தமிழ்த் தட்டச்சு என்றால் பலருக்கு இன்னும் பாமினிதான். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு. அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி உள்ள கணினியில் அது அம்மா; பாமினி இல்லாத போனில் அது அம்மா அல்ல. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்த எண்கள் உண்டு, 1991 இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் குறிப்புக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் இரசாயனச் சூத்திரங்களையும் அவை தமிழென்று நினைத்து மாற்றிவிடும். தண்ணீரின் சூத்திரம் அர்த்தமில்லாத தமிழெழுத்தாகி நிற்கும். அதை ஒரு மனிதன் இருந்து வரிவரியாகப் பார்க்கத்தான் வேண்டும். எங்கள் உழைப்பில் பாதிக்கு மேல் இதற்கே போனது.

இந்த வேலையின்போது அரபுத் தமிழ் அடிக்கடி நினைவுக்கு வந்தது. குர்ஆன் ஓத அரபு எழுத்து மட்டும் கற்ற எம் முன்னைய தலைமுறைப் பெண்களுக்குத் தமிழெழுத்து தெரியாது, தமிழ் தெரியும். ஆலிம்கள் அவர்களைத் தமிழெழுத்துக் கற்றுவரும்படி சொல்லிவிட்டுக் காத்திருக்கவில்லை. அரபியில் இல்லாத ப, ட, ங போன்ற ஒலிகளுக்கு எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்து, தமிழை அவர்களுக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். பாமினியிலும் ஒரு மொழி இன்னொன்றின் எழுத்தில்தான் கிடக்கிறது, ஆனால் அதை வாசிக்கக்கூடியவர் யாருமில்லை.

புதிய வழிகாட்டி ஒரே தாள், இரு பக்கம். கடையில் போட்டோக்கொபி எடுத்துக் கொடுத்தோம். படம் நான்கு, எல்லாம் போன் திரை. மூடில் செயலியில் பாடங்களை முன்கூட்டியே தரவிறக்கிவைத்துப் பிறகு சிக்னல் இல்லாமலே வாசிக்கலாம். பாறையடியில் ஐந்து நிமிடம் நின்று இறக்கிக்கொண்டு லயத்தில் போய்ப் படிக்கலாம் என்பதை முதல் வரியாகப் போட்டோம். முதல் வழிகாட்டியில் அது இல்லவே இல்லை. அந்த வருடம் ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகியபோது, இறக்கிவைத்திருந்த பாடங்களாவது பிள்ளைகள் கையில் இருந்தன.

சொற்களில்தான் எங்களுக்குள் சண்டை. 'வரைவு' பிழையான சொல் அல்ல, சட்ட வரைவு என்று பத்திரிகையில் எழுதுகிறோம் என்று வந்தாறுமூலை நண்பர் வாதாடினார். சரிதான். ஆனால் தரம் 10 பிள்ளை சட்டம் இயற்றவில்லை. கடைசியில் தாளில் இப்படி எழுதினோம்: 'வரைவு என்று இருந்தால் சேருக்கு இன்னும் போகவில்லை. கீழே போய் மற்றப் பொத்தானையும் அழுத்துங்கள்.' தளத்தை நடத்தியவர்களிடமும் சொன்னோம். அவர்கள் அந்தச் சொல்லை 'இன்னும் அனுப்பப்படவில்லை' என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் தவணை நீடித்துக் கொடுத்தார். கடை வாசலில் நின்று இரண்டாவது பொத்தானை அழுத்திவிட்டு, உம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமலே ஓடிவிட்டது.

'வெளியேறு' என்ற சொல்லுக்கு மட்டும் நல்ல மாற்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே போனில் அண்ணனும் தங்கையும் படிக்கும் வீட்டில், தங்கையின் ஒப்படை அண்ணனின் பெயரில் போய்ச் சேர்வது பல தடவை நடந்தது. அந்தப் பொத்தானின் படத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திலேயே எழுதிவிட்டோம்: 'போனை மற்றவரிடம் கொடுக்க முன்னர் இதை அழுத்தவும்.'