சீட்டு வேண்டாத மாத்திரை

குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்மாதிரி என்று தமிழகம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இரண்டாவது பிரசவத்தோடு ஆப்பரேஷன் என்பது இங்கே ஏறக்குறைய ஒரு சடங்கு. அதே தமிழகத்தில், உறவுக்கு மறுநாள் ஒரு பெண் தானே காசு கொடுத்து வாங்கி விழுங்கக்கூடிய மாத்திரை கடைகளில் கிடைப்பது அரிது. லீவோநார்ஜெஸ்ட்ரல் என்கிற இந்த அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005இல் அனுமதித்தது. 2007இல் ஐ-பில் என்ற பெயரில் விளம்பரத்தோடு வந்தது. பிறகு இங்குள்ள கடைகளிலிருந்து மறைந்தது. தடை ஏதுமில்லை என்றுதான் அதிகாரிகள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆணையே இல்லாத தடையை எந்தக் கோர்ட்டில் எதிர்ப்பது?

ஜீயபுரத்தில் ஒரு கடையில் கேட்டேன். "அதெல்லாம் வைக்கிறதில்லீங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க." அங்கே இன்னொருவர், "அது கலைக்கிற மாத்திரை, சீட்டு வேணும்" என்றார்.

இந்தக் குழப்பம்தான் அத்தனைக்கும் அடி. கருக்கலைப்புக்கு உரியவை மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றுக்கு டாக்டர் வேண்டும். இது வேறு. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை ஏற்கனவே வந்துவிட்டால் பலன் குறைவு. கரு பதிந்துவிட்டால் எதுவும் செய்யாது. அதனால்தான் அவசரம். 1.5 மில்லிகிராம், ஒரே வேளை, 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடை கடையாக அலைய வைப்பது மாத்திரையின் பலனையே தின்கிறது. விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்குச் சில மாத்திரைகளோ சாப்பிடுகிறவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வது இதைவிட நிச்சயமான வழி. மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ச் சோதனை. கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்பது வெறும் புரளி. ஆனால் வழக்கமான கருத்தடைக்கு இது மாற்றல்ல. பால்வினை நோயையும் தடுக்காது.

கர்ப்பத்தடையை நாட்டின் வறுமைக்காகவோ ஜனத்தொகைக்காகவோ அல்ல, பெண்ணின் சுயேச்சைக்காகவே கேட்கிறேன் என்று பெரியார் எழுதினார். நமது அரசு எடுத்துக்கொண்டது அவர் விலக்கிய காரணங்களை. அரசின் கருத்தடைக்கு ரிஜிஸ்டர் உண்டு, இலக்கு உண்டு, கணவன் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. இதே மாத்திரையை ஆஷா பணியாளர் வீடு தேடிப்போய் இரண்டு ரூபாய்க்குக் கொடுக்க 2011இல் மத்திய அரசு திட்டம் போட்டது. அங்கே அது குடும்ப நலம். கவுண்டரில் பேர் சொல்லாமல் வாங்கினால் ஒழுக்கக்கேடு. ரசாயனம் ஒன்றுதான், பதிவேடு இல்லாத உடல்தான் பிரச்சினை.

20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாத பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. அதாவது கலைக்க உரிமை உண்டு, கலைக்கும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் கடையில் சரக்கு இல்லை.

பெங்களூரிலிருந்து வருகிற தோழிகளிடம் சொல்லி இரண்டு அட்டை வாங்கி வைத்துக்கொள்கிற பெண்களை எனக்குத் தெரியும். ஜீயபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து திருச்சி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவளுக்குப் பெங்களூரில் யார் இருக்கிறார்கள்?