ஈறில் ரத்தம் வருதா? சுகரையும் ஒருமுறை பார்த்துடுங்க

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியேறும் தமிழர்களுக்கு ஃபில்டர் காபிப்பொடியும் வாழை இலையும் நடந்துபோகிற தூரத்தில் கிடைத்துவிடும். ஊரில் விட்டுவிட்டு வர முடியாத இன்னொன்று, சுகர். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, சர்க்கரை நோய் உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 14.4%, மேற்கு வங்கத்தில் 13.7%. தேசிய அளவு 11.4%. ரயில் ஏறினாலும் எண் பெரிதாக மாறவில்லை.

சுகர் என்றதும் கண், கிட்னி, கால் என்று பயப்படுகிறோம். வாய் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ஆனால் 1993-லேயே ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், ஈறுநோயை சர்க்கரை நோயின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார்.

ஈறுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

ஈறுநோயைத் தொடங்கி வைப்பது பல்லின் ஓரம் படியும் பாக்டீரியா. அதோடு உடல் நடத்தும் சண்டைதான் வீக்கம், ரத்தக் கசிவு எல்லாம். சுகர் கூடுதலாகவே இருந்தால் இந்தச் சண்டை முடிவதே இல்லை. ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கலவை ஈறுத் திசுவில் சேர்ந்து, அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. கடைசியில் கரைவது பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு. பல் ஆடும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

பாதை இருவழி. ஈறில் உருவாகும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. சுகர் இன்னும் ஏறுகிறது.

சுகரைக் குறைத்தால் போதுமா?

பாதி வேலை முடியும். பல் சிகிச்சை எதுவும் தராமல் சுகரை மட்டும் கட்டுப்படுத்திப் பார்த்த ஒரு சிறிய ஜப்பானிய ஆய்வில், ஈறில் ரத்தம் வருவது குறைந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு டீப் கிளீனிங்தான் வழி.

கிளீனிங் செய்தால் சுகர் இறங்குமா? 2013-ல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த ஆய்வு, பலன் இல்லை என்றது. சுத்தம் செய்ததே போதவில்லை என்று அப்போதே விமர்சனம் வந்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 காக்ரேன் அலசலில், எச்பிஏ1சி 3-4 மாதங்களில் சராசரியாக 0.43, ஆறு மாதத்தில் 0.30 புள்ளி குறைந்திருந்தது. சின்ன எண்தான். ஆனால் சுகர் மாத்திரையோடு கூடுதலாக இது கிடைப்பது லாபம்தானே? மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.

என்ன செய்யணும்?

பல் டாக்டரிடம் எச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சுகர் டாக்டரிடம் ஈறைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும். ரத்தம் வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

கொல்கத்தாவாசிகளுக்கு, சியால்டா பக்கம் அரசின் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் தொடங்கிய, இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி இது. ரஃபியுத்தீன் அகமது இதற்குப் பணம் திரட்டியது ஒரு சோடா ஃபவுண்டன் கடை நடத்தித்தான் என்பது தனிச் சுவாரசியம்!

இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளீனிங்குக்குப் போகாதீர்கள். காலை டிபனையும் மருந்தையும் முடித்துவிட்டுப் போவது நல்லது.