நீராவிப் படகின் ஊட்டுநீர் எக்கி

ஒரு கொதிகலனுக்குள் இருக்கும் நீராவி அதன் சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 7 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்திக்கொண்டிருக்கிறது எனக் கொள்வோம். நீர் ஆவியாகிக் குறையக் குறைய, வெளியிலிருந்து புது நீரை உள்ளே செலுத்தியாக வேண்டும். அதைச் செலுத்தும் கருவியை இயக்குவதும் அதே கொதிகலனின் நீராவிதான். தன் அழுத்தத்தைத் தானே எதிர்த்து வெல்வது எங்ஙனம் கூடும்? இயற்பியல் வகுப்பில் இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள். நன்கு கற்ற மாணவரும் சற்றே திகைப்பார்.

விடை பருமனில் உள்ளது. ஒரு கிலோகிராம் நீர் ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும். மேற்சொன்ன அழுத்தத்தில் அது ஆவியாகும்போது ஏறத்தாழ 240 லிட்டராக விரிகிறது. அந்த 240 லிட்டரும் எந்திரத்தின் பிஸ்டனைத் தள்ளி வேலை செய்கின்றன. அதே அழுத்தத்தை எதிர்த்து நாம் உள்ளே தள்ள வேண்டியதோ ஒரே ஒரு லிட்டர். அழுத்தம் ஒன்றே, பருமன் மட்டும் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீரை இவ்வாறு செலுத்துவதற்குத் தேவைப்படும் திறன், உராய்வு நீங்கலாக, ஏறத்தாழ 12 வாட். ஒரு சிறு மின்விளக்கு கொள்ளும் அளவுதான்.

ஆகவே, கொதிகலனுக்கு நீரூட்டுவதில் வலிமை ஒரு சிக்கலே அன்று. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

கொதிகலனுக்குச் செல்லும் நீரை ஊட்டுநீர் என்றும், அதனைச் செலுத்தும் கருவியை ஊட்டுநீர் எக்கி என்றும் குறிப்பிடுவோம். பட்டறையில் பம்பு என்றாலே விளங்கிவிடும். எனினும், வயிற்றை எக்கி மூச்சை இழுக்கிறோம் என்னும் நம் வழக்கை நினைத்துப் பார்த்தால், எக்கி என்னும் சொல் இக்கருவிக்கு எத்துணைப் பொருத்தமானது என்பது புலப்படும்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள விண்டர்மியர் ஏரியில் சிறு நீராவிப் படகுகள் இன்றும் ஓடுகின்றன. ஏறத்தாழ 1850இல் கட்டப்பட்டு, 1895இல் அருகிலுள்ள அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கி, 1962இல் மீட்கப்பட்ட டாலி என்னும் படகு விண்டர்மியர்க் கரையிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வேரிப் படகுகளில் தேநீருக்கு நீர் காய்ச்சவும் கொதிகலனின் நீராவியையே சுருள்குழாய் வழியே பயன்படுத்துவார்கள். சில நொடிகளில் நீர் கொதித்துவிடும். ஏரிநீர் நன்னீராகவும் மென்னீராகவும் இருப்பதால் அதனை நேரே கொதிகலனுக்கு ஊட்டலாம். கடலில் அது இயலாது. உப்புப் படிந்து கலன் கெடும். ஆதலால், கடற்படகுகளில் பயன்பட்ட நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கிக்கொள்வர்.

இத்தகைய ஏரிப்படகு ஒன்றுக்கு எக்கி வடிவமைப்போம். எந்திரம் 4 குதிரைத்திறன்; நிமிடத்துக்கு 300 சுற்று. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 15 கிலோகிராம் நீராவி செலவாகும் என வைத்துக்கொண்டால், மணிக்கு 60 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் வேண்டும். நீர்மட்டக் கண்ணாடியின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே கொதிகலனில் 5 லிட்டர் நீர்தான் உண்டென்றால், எக்கி நின்றபின் படகோட்டிக்கு எஞ்சுவது ஐந்தே நிமிடம். அதற்குப்பின் தீயறையின் கூரைத் தகடு நீரின்றி வெறுமையாகும். நீரால் குளிர்விக்கப்படாத எஃகு செந்நிறமாகக் காய்ந்து வலுவிழக்கும். உள்ளிருக்கும் அழுத்தமோ குறைவதில்லை. அவ்வாறு வலுவிழந்த தகடு கிழிந்தால் படகில் இருப்பவர் உயிர் தப்புவது அரிது.

எக்கிக்குத் தேய்மானம் உண்டு, கசிவு உண்டு. எனவே தேவையைப்போல் இரு மடங்கு, நிமிடத்துக்கு 2 லிட்டர் எனத் திட்டமிடுவதே அறிவுடைமை. எந்திரத்தோடு நேரே இணைத்தால் எக்கி நிமிடத்துக்கு 300 முறை அடிக்கும். ஓர் அடிக்கு ஏழு கன சென்டிமீட்டருக்கும் குறைவான நீரே போதும். கருவியும் கைக்கடக்கமாக அமையும். ஆயினும் நான் அதை ஏற்பதில்லை. அவ்வேகத்தில் நீரை இழுப்பதற்குப் பத்தில் ஒரு நொடி, தள்ளுவதற்குப் பத்தில் ஒரு நொடி மட்டுமே கிடைக்கும். வால்வு எனப் பட்டறையில் வழங்கும் அடைப்பிதழ், தன் இருக்கையில் வந்து அமர்வதற்குள் அடுத்த அடி தொடங்கிவிடும். தள்ளிய நீரில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும்.

பற்சக்கரங்களால் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து, நிமிடத்துக்கு 75 அடியாக்கினால் எக்கி அமைதியாக வேலை செய்யும். அப்போது ஓர் அடிக்கு 26 கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உந்துதண்டு 54 மில்லிமீட்டர் தூரம் சென்று வந்தால் அது கிடைத்துவிடும். உந்துதண்டின்மேல் விழும் எதிர்விசை ஏறத்தாழ 34 கிலோகிராம் எடை. இதைத் தாங்கச் சிறு அச்சே போதும்.

இங்கு ஒரு வசதி உண்டு. உந்துதண்டு உருளையின் உட்சுவரைத் தொட வேண்டியதில்லை. வாயிலில் திணிக்கப்படும் அடைப்புத் திரியே நீரைக் காக்கிறது. ஆகவே தண்டை மட்டும் வழுவழுப்பாகக் கடைந்தால் போதும். ஆனால் இவ்வசதியே ஒரு பொறியாகவும் ஆகக்கூடும். அடியின் முடிவில் உருளைக்குள் எஞ்சி நிற்கும் வெளியை எச்சவெளி என்போம். நீர் நிறைந்திருக்கும்வரை அதனால் கேடில்லை, நீர் சுருங்காது. காற்று புகுந்துவிட்டால் நிலைமை மாறும். எச்சவெளி, அடியின் பருமனுக்குச் சமமாக இருந்தால் காற்று பாதியாகச் சுருங்கும். பாயிலின் விதிப்படி அதன் அழுத்தம் இரு மடங்கே ஆகும். வெளிச்செல்லும் அடைப்பிதழைத் திறக்கவோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் எட்டு மடங்கு வேண்டும். எக்கி அடித்துக்கொண்டே இருக்கும். காற்று விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு துளி நீரும் உள்ளே செல்லாது.

இதைத் தவிர்க்க எச்சவெளி அடிப்பருமனின் ஏழில் ஒரு பங்குக்கும், அதாவது ஏறத்தாழ 3.8 கன சென்டிமீட்டருக்கும், குறைவாக இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு 26 மில்லிமீட்டர் துளை இட்டாலே, சுற்றியுள்ள இடைவெளி மட்டும் இரண்டு கன சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் அடைப்பிதழ்களுக்கிடையிலான வழிகள் அடங்க வேண்டும். வெளிவழியை உருளையின் உச்சியில் வைப்பதும், அங்கே காற்றைத் திறந்துவிட ஒரு சிறு குழாய்த்திறப்பு பொருத்துவதும் இதனாலேயே.

அடைப்பிதழ்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகள் நல்லவை. இருக்கையின் துளை 12 மில்லிமீட்டர், குண்டு 16 மில்லிமீட்டர் எனக் கொள்ளலாம். குண்டு மேலெழும் தூரம் துளை விட்டத்தின் கால்பங்கு, இங்கே 3 மில்லிமீட்டர். அவ்வுயரத்தில் குண்டைச் சுற்றிய திறப்பின் பரப்பும் துளையின் பரப்பும் சமமாகின்றன. அதற்குமேல் எழவிட்டால் திரும்பி அமரத் தாமதமாகும். இருக்கையின் விளிம்பைக் கூர்மையாகக் கடைந்து, அதன்மேல் சாதாரண எஃகுக் குண்டொன்றை வைத்து, பித்தளைத் துண்டு வழியாகச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. பிறகு அக்குண்டை எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். உடலுக்குப் பித்தளையைவிட வெண்கலம் ஏற்றது. வெந்நீரும் உப்புநீரும் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்து உலோகத்தைப் பொத்தலாக்கும்.

நீரைச் சூடாக்கி ஊட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் எக்கியின் இழுப்பில் அழுத்தம் குறையும்போது வெந்நீர் உருளைக்குள்ளேயே ஆவியாகிவிடும். வெந்நீர்த் தொட்டியை எக்கிக்கு மேலே வைத்து, நீர் தானே இறங்கி வருமாறு செய்ய வேண்டும்.

இரு மடங்கு அளித்தோமே, மிகுதி எங்கே போகும்? எக்கிக்கும் கொதிகலனுக்கும் இடையே கிளைக்குழாய் ஒன்று அதைத் தொட்டிக்கே திருப்பும். அதன் திறப்பைக் கூட்டியும் குறைத்தும் படகோட்டி நீர்மட்டத்தை ஆள்கிறார். வெளிவழி முழுதும் அடைபட்டால் குழாய் வெடிக்கும் என்பதால், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் காப்பு அடைப்பிதழும் இன்றியமையாதது.

எந்திரத்தோடு இணைந்த எக்கிக்குப் பெருங்குறை ஒன்று உண்டு: படகு நின்றால் அதுவும் நிற்கும், தீ நிற்பதில்லை. 1840களில் அமெரிக்காவின் ஹென்றி வொர்திங்டன், தம் கால்வாய்ப் படகு நிற்கும்போதெல்லாம் கையால் நீரூட்ட நேர்ந்ததைக் கண்டே, தனித்து நீராவியால் இயங்கும் எக்கியைப் படைத்தார். 1858இல் பிரான்சின் ஹென்றி ஜிஃபார்டு, அசையும் உறுப்பே இன்றி நீராவித் தாரையின் வேகத்தால் நீரைச் செலுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1852இல் நீராவி வான்கப்பலில் பறந்தவரும் அவரே. சிறு படகுக்கு இவை இல்லாவிடினும், கைப்பிடியுள்ள எக்கி ஒன்றேனும் இரண்டாவது வழியாக இருந்தாக வேண்டும்.

ஓடும் படகில் எக்கியின் நலத்தை அறியக் கையே போதும். எக்கியின் உடலைத் தொட்டுப் பார்க்கையில் வழக்கத்துக்கு மாறாகச் சுட்டால், கொதிகலனின் ஒருவழி அடைப்பிதழ் கசிந்து வெந்நீர் பின்னோக்கி வருகிறது. உச்சியிலுள்ள சிறு திறப்பைத் திருகினால், ஒவ்வோர் அடிக்கும் நீர் விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். நுரையும் காற்றும் வந்தால், இழுகுழாயின் இணைப்புகளை முதலில் பாருங்கள்.