சிறு கைக்கு ஏற்ற கைத்துப்பாக்கி

தென் கொல்கத்தாவில் இரவீந்திர சரோவர் என்னும் பெரிய ஏரிக்கு அணித்தே அமைந்திருப்பது லேக் கார்டன்ஸ். அவ்வட்டாரத்திலும் லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள ஓர் இல்லத்தில், பள்ளி மாணவியான மகள், "அப்பா, நானும் துப்பாக்கி சுடக் கற்கலாமா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்ற பிறகு, இக்கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கக்கூடும். தந்தைக்கு உடனே தோன்றும் ஐயம், "குழந்தையின் கை சிறிதாயிற்றே" என்பதே. அவ்வையத்திற்கு விடை காண முயல்வோம்.

கற்போருக்கு ஏற்றதாகக் கருதப்படுவது .22 தோட்டாவால் சுடும் குறிக் கைத்துப்பாக்கி. இத்தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அதன் அடிவிளிம்பைச் சுற்றி அமைந்திருக்கும். சுத்தியலின் முள் விளிம்பில் தாக்கியவுடன் தோட்டா வெடிக்கும். ரவையின் எடை ஏறத்தாழ இரண்டரை கிராமே ஆதலின், பின்னுதைப்பு மிகக் குறைவு. பின்னுதைப்பு மிகுந்தால், சுடுவதற்கு முன்னரே கண்ணை மூடிக் கையை இறுக்கும் பழக்கம் வந்துவிடும். அப்பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது அரிது.

இனி, பிடியைப் பற்றிக் கூறுவோம். இவ்விளையாட்டில் ஒரே கையால்தான் சுட வேண்டும். மணிக்கட்டுக்கு எவ்வித ஆதாரமும் கூடாது. பெரிய கைக்கெனச் செய்த பிடியைச் சிறு கை பற்றினால், விரல் விசையை எட்டுவதற்காகக் கை பக்கவாட்டில் திரும்பிவிடும். அப்பொழுது குழல், முன்கையின் நேர்கோட்டிலிருந்து விலகும். உதைப்பு கட்டைவிரல் மூட்டில் விழும். விரல் நுனி விசையை நேராகப் பின்னோக்கி இழுக்காமல் ஒருபுறம் தள்ளும். ரவைகள் இடப்புறமோ வலப்புறமோ சிதறும். பயில்பவர் தம் கை நடுங்குவதாக எண்ணி மனம் சோர்வார். குற்றம் மரப்பிடியில் இருக்க, பழியைக் குழந்தை சுமப்பது முறையன்று.

எனவே வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்யலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைப் பயிற்சியாளர் காட்டிய பின்னரே இவற்றைத் தொடங்க வேண்டும். முதலாவது, பிடியை இயல்பாகப் பற்றும்பொழுது சுட்டுவிரலின் முதற்கணுச் சதை விசையின் நடுவில் படிய வேண்டும். அவ்விரலின் மற்றப் பகுதி பிடியில் உராயலாகாது. இரண்டாவது, கண்ணை மூடிக் கையை நீட்டி இலக்கை நோக்கி உயர்த்திப் பின் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முன்குறி, பின்குறியின் வெட்டுக்கு நடுவே தானாகவே நின்றால் பிடி பொருந்துகிறது என்று கொள்ளலாம். மூன்றாவது, நீட்டிய கையுடன் இருபது நொடி நிற்க வேண்டும். முனை வரவரத் தாழ்ந்தால் துப்பாக்கி முன்பாரம் மிக்கது, அல்லது அவருக்கு எடை மிகுதி என்பது தெளிவு.

பன்னாட்டு விதிப்படி 25 மீட்டர்ப் போட்டிக்குரிய .22 கைத்துப்பாக்கி 1400 கிராமுக்கு மேற்படலாகாது. அதன் விசை 1000 கிராம் எடையையேனும் தாங்க வேண்டும். 1400 கிராம் என்பது மேல் எல்லையே ஆதலின், தொடக்கத்தில் எடை குறைந்ததைத் தேர்வது நன்று. வால்தர், பார்தினி போன்ற நிறுவனங்களின் போட்டித் துப்பாக்கிகளுக்குச் சிறிய அளவுப் பிடிகளும், இடக்கையர்க்கு உரியனவும் கிடைக்கின்றன. உள்ளங்கையைத் தாங்கும் அடித்தட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். மிகுதியான மரத்தை உப்புத்தாளால் தேய்த்தும், குறையை மரப்பசையால் நிரப்பியும் பிடியைக் கைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது மிகப் பயன் தருவது. ஆயினும் விளிம்புவெடித் துப்பாக்கிகள் பலவற்றில், அவ்வாறு செய்தால் சுத்தியலின் முள் குழலறையின் விளிம்பில் மோதிப் பழுது உண்டாக்கும். போலித் தோட்டாவையோ, வெற்றுப் பயிற்சிக்கென அமைந்த விசையையோ பயன்படுத்துதல் வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றி இத்துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ இயலாது. பொதுவாக 21 வயது நிரம்பியவர்க்கே உரிமம் உண்டு. இளையோர் பயிற்சிக்குத் தனி விதிகள் உள்ளன. ஆதலின், முதலில் துப்பாக்கிச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் தொடங்கி, பின்னர்ச் சங்கத்தின் .22 துப்பாக்கிகளில் பலவற்றைப் பற்றிப் பார்ப்பதே சிறந்த வழி. விலை மிகுந்த பொருளை அவசரத்தில் வாங்கி வருந்த நேராது.

வங்க மண்ணுக்கு இக்கலை புதிதன்று. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலேயே வங்கத்து ஹரிஹர் பானர்ஜி துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டார். 2012இல் விஜய் குமார் இலண்டனில் வெள்ளிப் பதக்கம் வென்றதும், 2018 ஆசிய விளையாட்டில் ராஹி சர்னோபத் தங்கம் வென்றதும் இந்த .22 கைத்துப்பாக்கியால்தான். லேக் கார்டன்ஸ் தந்தைக்கு நாம் கூறக்கூடியது இதுவே: மகளின் கையை அளந்து, அதற்கேற்ற பிடியைத் தேடுங்கள்; கை சிறிது என்னும் காரணத்தால் மட்டும் "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள்.